கதை புரிந்தது, மொழி புரிந்ததா?

திருநெல்வேலித் தமிழை முழுக்க முழுக்கச் சினிமா பார்த்தே கற்றுக்கொண்ட ஒருவர் ஜங்ஷனில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரே டீக்கடைக்குப் போகிறார். கல்லாவில் அறுபது வயது அண்ணாச்சி. இவர் வாயைத் திறந்து, "ஏலே, ஒரு டீ போடுலே" என்கிறார். இலக்கணத்தில் ஒரு குறையும் கிடையாது. உச்சரிப்பும் பரவாயில்லை. டீ வருமா என்பதுதான் சந்தேகம்.

எங்கள் ஊரில் 'லே' என்பது கூடப் படித்தவனுக்கு, தம்பிக்கு, தெருப் பையனுக்கு. மூத்தவரிடம் "அண்ணாச்சி, ஒரு டீ தாங்க" தான். அவரும் புது ஆளிடம் "எங்கருந்து வாறிய?" என்று கேட்பார். அந்த 'வாறிய'வுக்குள் 'வருகிறீர்கள்' என்ற மரியாதை முழுசாக உட்கார்ந்திருக்கிறது. சினிமாக்காரர்கள் காதில் இந்த 'இய' விழுவதே இல்லை. காரமாக இருப்பதால் 'லே' மட்டும் விழுகிறது. படம் பார்த்து நெல்லைத் தமிழ் கற்றவர் நாங்கள் எல்லோரும் காலையில் எழுந்ததும் அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பல் தேய்ப்போம் என்றுகூட நினைக்கலாம்.

கொரிய சீரியல் பார்த்துக் கொரியன் கற்கிறவரும் ஜெர்மன் படம் பார்த்து ஜெர்மன் கற்கிறவரும் அந்தந்த ஊர் டீக்கடையில் இப்படித்தான் போய் நிற்கப்போகிறார்கள். படத்திலிருந்து மொழி வருகிறதா, வந்தால் எவ்வளவு, எந்தப் பகுதி வருவதே இல்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் இது இப்போது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. நர்சிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மன் படிக்கிறார்கள். ஐரோப்பியக் கணக்கில் மொழித்திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை 6 படிகள். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக நாலாவது படியான பி2 வேண்டும். என் அக்கா மகள் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அதற்குத்தான் மல்லுக்கட்டுகிறாள். வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம், "தினம் ஒரு ஜெர்மன் சீரியல் பாருங்க, மொழி தானா வந்துரும்" என்று. அவளும் நம்பி, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓட, மூன்று மாதம் பார்த்தாள். ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்: "மாமா, கதை அத்தனையும் புரியுது. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா ஒண்ணும் புரிய மாட்டேங்கு."

இதைப் பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு வரிக்கு எழுதிய உரை போலத்தான் இருந்தது.

அவளுடைய சிக்கல் புதுசும் இல்லை. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் ஓடியது, இந்தியில். தமிழ்நாட்டில் டிவி இருந்த வீடுகளில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது. வாரா வாரம், ஒன்றரை வருடம். அத்தனையும் பார்த்துவிட்டு இந்தி கற்றுக்கொண்டு எழுந்தவர் யார்? சில பேருக்கு 'பிதாஜி', 'ப்ராதாஸ்ரீ' என்று நாலு சொல் ஒட்டியது. அதுவும் சமஸ்கிருதம் என்பதால் ஏற்கனவே பாதி தெரிந்த சொல். அதே காலத்தில் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் மொட்டை மாடியில் உயரமாக ஆன்டெனா நட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தார்கள். 1982-இல் தொடங்கிய சானல் அது. சிங்கள நிகழ்ச்சிகளும் வரும். அதைப் பார்த்துச் சிங்களத்தில் ஒன்று இரண்டு எண்ணக் கற்றவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஏன் வரவில்லை? ராமாயணத்தைப் பொறுத்தவரை பதில் எளிது. கதை தெரியும். கைகேயி வரம் கேட்கும்போது அவள் என்ன கேட்கிறாள் என்று மொழி சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. முகம் சொல்கிறது, பின்னணி இசை சொல்கிறது, பாட்டி சொன்ன கதை சொல்கிறது. இத்தனை பேர் சொல்லும்போது காது எதற்கு உழைக்கவேண்டும்? மூளை இந்த விஷயத்தில் பெரிய கஞ்சன். வேறு வழியில் வேலை முடிந்துவிட்டால் மொழியின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மலையாளம் பேசத் தெரிந்தவர்கள் நிறைய. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர், அதனால் அங்கே பெரியவர்களுக்கு மலையாளம் வந்தது ஆச்சரியமில்லை. ஆனால் எல்லைக்குச் சம்பந்தமில்லாத பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்கூட இப்போது வருடத்துக்கு இருபது மலையாளப் படம் பார்த்துவிட்டு, எழுத்து இல்லாமலே புரிந்துகொள்கிறான். 'எனிக்கு அறியில்ல' என்று கேட்டதும் 'எனக்கு அறியவில்லை' என்று உள்ளே ஒரு மணி அடிக்கிறது. பத்துச் சொல்லில் ஏழெட்டு தெரிந்த முகம், மிச்சத்தை இடம் பார்த்து ஊகித்துவிடலாம். ஊகம் தப்பும் இடம்தான் ருசி: 'வெள்ளம்' என்றால் அங்கே குடிக்கிற தண்ணீர், 'சம்சாரிக்கணும்' என்றால் பேசவேண்டும். தப்பாக ஊகித்துச் சிரித்த சொல் ஆயுசுக்கும் மறக்காது.

ராமாயண இந்தியும் படம், மலையாளமும் படம். ஒன்று ஒட்டவில்லை, மற்றொன்று ஒட்டுகிறது. வித்தியாசம் படத்தில் இல்லை. காதில் விழுகிற பேச்சில் நமக்கு ஏற்கனவே எவ்வளவு தெரியும் என்பதில் இருக்கிறது. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980-களின் தொடக்கத்தில் பிரபலப்படுத்திய கருத்தும் இதுதான்: நம் தரத்துக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கிற, மற்றபடி புரிகிற பேச்சைக் கேட்டால் மொழி தானாக உள்ளே இறங்கும். யூடியூபில் 'சும்மா பார்த்தாலே போதும்' என்கிற எல்லோரும் இவர் பெயரைச் சொல்வார்கள். 'புரிகிற' என்ற சொல்லை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவார்கள். 'கதை புரிகிற' என்று அவர் சொல்லவில்லை.

சரி, ஒரு படத்தின் பேச்சு புரிய எவ்வளவு சொல் தெரிந்திருக்கவேண்டும்? வெப், ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் 318 இங்கிலீஷ் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 28 லட்சம் சொல்லுக்கு மேல். ஒரு படத்துக்குச் சராசரி 9,000. ஊர்ப் பெயர், ஆள் பெயர்களோடு சேர்த்து, அதிகம் புழங்குகிற 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்தால் வசனத்தில் 95 சதவீதம் தெரிந்த சொல்லாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சொற்குடும்பம் என்றால் போ, போகிறான், போனது, போக்கு எல்லாம் சேர்ந்து ஒன்று. 98 சதவீதம் வேண்டுமென்றால் 6,000 குடும்பம்.

95 சதவீதம் என்றதும் பாஸ் மார்க்குக்கு மேலே போய்விட்டோம் என்று தோன்றும். 9,000-இல் 5 சதவீதம் 450. இரண்டு மணி நேரப் படத்தில் 450 தெரியாத சொல் என்றால் பதினாறு வினாடிக்கு ஒன்று வந்து காலை இடறுகிறது. 3,000 குடும்பம் தெரிந்தவருக்கே இந்தக் கதி. ஜெர்மனில் பி1 படிக்கான கோத்தே நிறுவனத்தின் சொல் பட்டியலில் கிட்டத்தட்ட 2,400 சொல் இருக்கிறது. ஏ1 முடித்த கையோடு துப்பறியும் சீரியலில் குதிப்பவர், நீச்சல் படிக்கவேண்டுமென்று ஆனி மாதத்துத் தாமிரபரணியில் பாலத்திலிருந்து குதிப்பவரைப் போல. சில பேர் பிழைத்துக்கொள்வார்கள்தான்.

அந்த முதல் இரண்டாயிரம், மூவாயிரம் சொல்லைப் படம் தராது. புத்தகம், பட்டியல், அட்டை, வகுப்பு என்று எதையாவது பிடித்து உருப்போட்டுத்தான் ஆகவேண்டும். இதில் குறுக்குவழி விற்பவர்களை நான் நம்புவதில்லை.

இந்த ஆரம்ப நிலைக்கென்றே எடுத்த படங்களும் இருக்கின்றன. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தருகிற 'நிகோஸ் வேக்' அப்படி ஒன்று: ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கிய ஒரு பையன் பையைத் தொலைத்துவிட்டு அல்லாடுகிற கதை, ஏ1-இலிருந்து பி1 வரை படிப்படியாகப் போகிறது. நடிப்பு அப்படி இப்படித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு காட்சியும் ஒரே ஒரு படி மேலே வைத்து எழுதப்பட்டது.

அப்புறம் இன்னொன்று. பத்து விதமான படங்களைவிட ஒரே சீரியலின் பத்து எபிசோடு மேல். மனிதர்கள் அதே, தொழில் அதே, சண்டை அதே என்பதால் சொற்களும் அதேதான் சுற்றிச் சுற்றி வரும். நம் மெகா சீரியல்களை நினைத்துப் பாருங்கள். சொத்து, கல்யாணம், சமையலறை, ஆஸ்பத்திரி என்று சுருக்கமான ஒரு சொல் கையிருப்பை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டுகிறார்கள். ரசிகருக்கு அலுப்பாக இருக்கலாம். தமிழ் கற்க வந்தவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இனி, கீழே ஓடுகிற எழுத்து. அதிகத் தப்பு நடக்கிற இடம் அதுதான்.

மிட்டரர், மெக்குவீன் என்ற இருவர் 2009-இல் நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய இங்கிலீஷில் 25 நிமிடம் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து, ஒரு கூட்டத்துக்கு டச்சு எழுத்து, ஒரு கூட்டத்துக்கு எழுத்தே இல்லை. பிறகு அந்த உச்சரிப்பில் புது வாக்கியங்களைக் கேட்கவைத்தார்கள். இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தவர்கள் நன்றாகப் பிடித்தார்கள். தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்கள் எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்னால் போனார்கள். காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று என்றால் கண் ஜெயித்துவிடுகிறது. காது வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது.

நம் ஊரில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஜெர்மன் படத்துக்கோ கொரியப் படத்துக்கோ தமிழ் எழுத்து கிடைப்பது அபூர்வம், எல்லோரும் இங்கிலீஷ் எழுத்தைத்தான் வாசிக்கிறோம். ஒரு வருடம் கொரிய சீரியலில் ஊறிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன முன்னேற்றம் என்று பார்த்தால், இங்கிலீஷ் வாசிக்கிற வேகம் இரட்டிப்பாகியிருக்கிறது. கொரியனில் 'சாரங்ஹே', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்', மட்டும்தான் தெரியும். அது தெரியாத பிள்ளைகள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?

பேசுகிற மொழியிலேயே எழுத்து ஓடினால் கதை வேறு. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1990-களில் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்பானியப் படத்தைப் பார்த்துக்கொண்டே, கீழே எழுத்தும் ஸ்பானியத்திலேயே ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்தார். அங்கிருந்து, இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே வரிகளை ஓடவிட்டால் சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கப் பழகுவார்களே என்று தாவினார். குஜராத்தில் தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சியில் தொடங்கிய அந்த முயற்சி பிறகு பல மொழிகளுக்குப் போனது. பாட்டு மனப்பாடம், எழுத்து புதுசு. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொள்கிறது.

நம் பிள்ளைகளின் இங்கிலீஷுக்கு இதைத் திருப்பிப் போடவேண்டும். பன்னிரண்டு வருடம் பள்ளியில் படித்த பையனுக்கு எழுத்து தெரியும், காதுதான் புதுசு. தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பேசிவிடுகிறோம். இங்கிலீஷ்காரர்கள் அழுத்தம் விழுகிற அசையைத் தூக்கிப் பிடித்துவிட்டு மிச்சத்தை மென்று விழுங்குகிறார்கள். 'வாட் டு யு வான்ட் டு டூ' என்று பாடப்புத்தகத்தில் ஆறு சொல்லாகப் படித்தது, திரையில் 'வாட்டயவானடூ' என்று ஒரே சொல்லாக வந்து விழுகிறது. தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் புரியவில்லை. இந்த நோய்க்குப் படமும் இங்கிலீஷ் எழுத்தும்தான் சரியான மருந்து. படம் பார்த்து மொழி வந்தது என்று எங்கள் பக்கம் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்: சொல் பள்ளியில் வந்தது, படம் அதற்கு ஒலியைக் கொடுத்தது.

ஜெர்மனுக்கு ஜெர்மன் எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்றால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனியில் வெளிநாட்டுப் படங்களை டப்பிங் செய்தே காட்டுவது வழக்கம், அதனால் பிடித்த அமெரிக்க சீரியலையே ஜெர்மனில் கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் டப்பிங் வசனத்தை நடிகரின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுகிறார்கள். கீழே ஓடும் எழுத்தைப் படிக்கிற வேகத்துக்குத் தோதாகச் சுருக்கித் தனியாக மொழிபெயர்க்கிறார்கள். இரண்டும் ஜெர்மன்தான், இரண்டும் ஒன்றல்ல. அக்கா மகள் இரண்டு வாரம் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனிலேயே எடுத்த படத்துக்கு மாறிய பிறகு எழுத்தும் பேச்சும் ஓரளவு கைகோத்தன.

அப்புறம் அவள் என்ன செய்தாள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு காட்சியில் முப்பது வினாடி. ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் போனில் பேசுகிறாள். எழுத்தை அணைத்துவிட்டு மூன்று தடவை கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினாள்: 'இஷ் ரூஃப ஸீ மோர்கன்'. நான் உங்களை நாளை கூப்பிடுகிறேன். சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாள். எழுத்தைப் போட்டுப் பார்த்தால் கடைசியில் இன்னொரு குட்டிச் சொல் நிற்கிறது: 'அன்'. ஜெர்மனில் 'ரூஃபன்' என்றால் கூப்பிடுவது, சத்தம் போட்டு அழைப்பது. 'அன்ரூஃபன்' என்றால் போன் பண்ணுவது. வாக்கியத்தில் வரும்போது அந்த வினை இரண்டாக உடைந்து, உடம்பு இரண்டாவது இடத்திலும் வால் கடைசியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று மாதமாக அத்தனை எபிசோடிலும் ஆட்கள் மாற்றி மாற்றி 'அன்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கண் இங்கிலீஷ் வாசித்துக்கொண்டிருந்ததால் ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. ஏழாவது தடவை கேட்டபோது, "ஆமா மாமா, சொல்லுதா!" என்றாள்.

தமிழர்களுக்கு ஜெர்மனில் ஒரு சின்ன வசதி உண்டு. 'வைல்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் வினை கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் கிராங்க் பின்': ஏன்னா, நான் சுகமில்லாமல் இருக்கிறேன். அந்த 'பின்' நம் 'இருக்கிறேன்' நிற்கிற அதே கடைசி இருக்கையில் நிற்கிறது. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கீழே இங்கிலீஷ் எழுத்தை ஓடவிட்டால் நமக்குச் சும்மா கிடைத்த இந்த வசதியை நாமே தொலைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து தடுமாறுகிறோம்.

முப்பது வினாடிக்கு அரை மணி நேரம் ஆகிறது. இது படம் பார்ப்பதே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், பழைய டிக்டேஷன்தான் இது. வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கேட்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விழுங்குகிற ஒலிகளைப் பிடிக்கத்தான் கேட்கிறோம், மெதுவாக்கினால் அந்தப் பேச்சின் தாளமே போய்விடும். அதற்குப் பதில் நாலு தடவை கூடுதலாகக் கேட்கலாம். கேட்டதை மறுநாளும் நாலாம் நாளும் திரும்பக் கேட்கவேண்டும் என்பதற்கு மட்டும் 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிய மறதிக் கணக்கு இன்றைக்கும் செல்லும்.

இதெல்லாம் காதுக்கு. வாய்?

முத்துக்குளித்துறை பழைய திருநெல்வேலிச் சீமையின் கடற்கரை. 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். சொன்னது ஊராருக்குப் புரிந்தது. அவர்கள் திருப்பிப் பேசினால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். பட வசனத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கிறவரின் நிலைமை இதேதான். அவருக்குப் பின்னால் வந்து புன்னைக்காயலில் தங்கிய ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் வேறு வழியில் போனார். வினைகளை வரிசைப்படுத்தி இலக்கணம் எழுதிக்கொண்டு, மக்களோடு பேசிப் பேசித் திருத்திக்கொண்டார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் தமிழாக்கியது. இரண்டு பேருக்கும் ஒரே கடற்கரை, ஒரே மக்கள், ஒரே மொழி.

கேட்டுப் புரிந்துகொள்வது தானாகப் பேச்சாக மாறாது என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு சாட்சி. அங்கே இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளை பிரெஞ்சு வழியிலேயே எல்லாப் பாடமும் படிக்கவைக்கும் பள்ளிகள் உண்டு. மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் 1985-இல் அவர்களைப் பற்றி எழுதினார்: பல வருடம் பிரெஞ்சு கேட்ட பிள்ளைகள் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளைப் போலவே புரிந்துகொள்கிறார்கள், பேசும்போது இலக்கணம் தள்ளாடுகிறது. பேசவேண்டிய நெருக்கடி வரும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது பேசுகிறவருக்கே தெரியவரும் என்றார் அவர்.

கனடா வரை போகாமல் வண்ணார்பேட்டையில் நான் ராத்திரி சாப்பிடுகிற புரோட்டாக் கடைக்கும் வரலாம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் அங்கே பரிமாறுகிறான். வந்தபோது 'தண்ணி' மட்டும் தெரியும். எட்டு மாதத்தில், "அண்ணாச்சி, சால்னா ஊத்தவா? இன்னொன்னு வைக்கட்டா?" என்கிறான். 'ஊத்தவா'வும் 'வைக்கட்டா'வும் சும்மா வருகிற வினையில்லை. அனுமதி கேட்கிற அந்த விகுதியை இலக்கணப் புத்தகத்தில் விளக்க ஒரு பக்கம் வேண்டும். அவனும் படுக்கப் போகும்போது போனில் தமிழ்ப் படம் பார்க்கிறான். ஆனால் கடையில் யாரையும் 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டானாம். மாஸ்டர் கரண்டியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். திரையிலிருந்து எந்தக் கரண்டியும் வெளியே வராது.

குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பட்ரிசியா கூல் என்பவரும் அவர் குழுவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம், கதை சொல்லி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. அதற்கும் முன்னால், 1981-இல், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கிற ஒரு பையனைப் பற்றிய ஆய்வு வந்தது. பேச்சு என்று அவன் கேட்டது பெரும்பாலும் டிவியில்தான். மூன்றே முக்கால் வயதில் அவன் வாக்கியங்கள் கோணலாக இருந்தன. பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் மளமளவென்று சரியாகின. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இருக்கிற பாளையங்கோட்டையில் இதைப் படிக்கும்போது, கேட்பவர் கேட்கமுடியாதவர் எல்லோருக்குமே மொழி எதிரே இருக்கிற முகத்திலிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. பெரியவர்கள் குழந்தைகள் இல்லை, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம், எழுதி வைக்கலாம். அதனால் நமக்கு வீடியோ முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன்.

கொரியனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம். அவர்கள் எழுத்தை 1446-இல் அரசர் சேஜோங் அறிவித்தார். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். நமக்கு அதிலும் ஒரு சொந்தம் தெரியும். நாம் 'கல்' என்பதற்கும் 'பங்கு' என்பதற்கும் ஒரே 'க'வை எழுதிவிட்டு இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒலிக்கிறோம். கொரியனிலும் அப்படியே, சொல்லின் முதலில் வல்லோசை, நடுவில் மெல்லோசை. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயரின் வாலில், அப்பாவுக்கு 'அப்பா'. இதைப் பார்த்து ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டு அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவில்லாவிட்டாலும் சாயல் இருக்கிறது, கற்பவருக்குச் சாயல் போதும்.

சீரியலிலிருந்து கொரியன் எடுப்பவர் விழுகிற குழி, மறுபடியும், டீக்கடைதான். கொரியனில் வினையின் முடிவு எதிரே யார் என்பதைப் பொறுத்து மாறும். காதலர்களும் நண்பர்களும் பேசுவது 'பன்மல்', நம் 'லே' மாதிரி. சீரியலில் பாதி நேரம் காதலர்கள்தானே பேசுகிறார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டு ஒரு கொரியக் கம்பெனி மேனேஜரிடம் பேசினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காட்சியில் யார் யாரிடம் பேசுகிறார்கள், வயது என்ன, சண்டையா சமாதானமா என்பதையும் வசனத்தோடு சேர்த்து நோட்டில் எழுதிவைப்பவர் தப்பிப்பார்.

அக்கா மகளுக்கு இப்போது ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டது. என் அம்மா, அவளுக்கு ஆச்சி. தமிழ் சீரியல் முடிந்ததும், "உன் வெள்ளக்காரன் கதைய போடு" என்று வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஆச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதனால் எழுத்தை எதற்கு ஓடவிட வேண்டும் என்று அணைத்தாகிவிட்டது. ஒவ்வொரு காட்சிக்கும் இவள்தான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லவேண்டும். தெரியாத இடத்தில் எதையாவது சொல்லி ஒப்பேற்றப் பார்ப்பாள். ஐம்பது வருடம் கதை கேட்டுப் பழகிய காது அது, அவ்வளவு லேசில் ஏமாறாது. போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு நீளமான சண்டைக் காட்சியை, "கோவப்பட்டுப் போயிட்டான், ஆச்சி" என்று ஒரு வரியில் முடித்தாள்.

"ஏட்டி, இவ்வளவு நேரம் கத்துதான். ஒத்த வரிதான் சொன்னானாக்கும்? நல்லாக் கேட்டுச் சொல்லு."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பின்னால் ஓட்டினாள்.